நாற்பத்தோராம் பக்கம்

வடையைக் கடித்துவிட்டுத் தேநீர் குடிக்கிறார். பிறகு தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு வடையைக் கடிக்கிறார். "பாத்தீங்களாக்கா, முறைய மாத்துனா ருசியே வேற லா!" பாலோ ஊர்க் கடைத்தெருவில் பிரேமலாவோடு பசியாறப் போனால் இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இருவரும் ஒரே இடைநிலைப்பள்ளியில் ஆசிரியர்கள். நான் வரலாறு, அவர் கணிதம். ஆறு வருடமாகப் பகுதிநேரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். அவருடைய ஆய்வு குவாண்டம் கணிதத்தில். அந்த உலகில் சில அளவீடுகள் இந்த வடையும் தேநீரும் மாதிரித்தானாம். எதை முதலில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுமாம். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் பேசப்பேச, இவர் பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டம் வரைந்துகொண்டிருப்பார். என்னவென்று கேட்டால், அந்த அளவீடுகளை மருமகள்களாக்கி விளக்குவார்.

"ரெண்டு மருமக, ஒரே அடுப்படி. இடிச்சிக்கிறாங்க. வீட்டப் பெருசாக் கட்டிக் குடுத்துட்டா, யாரு முன்ன யாரு பின்னன்னு சண்டையே இல்ல. பழைய அடுப்படி ஜன்னல்ல நின்னு தனித்தனியாப் பாத்தா, ரெண்டு பேரும் பழைய ஆளுங்களாவே தெரிவாங்க."

எனக்கு இவ்வளவு புரிந்ததே பெரிய விஷயம்.

தேர்வாளர்கள் ஆய்வேட்டை ஏற்றுவிட்டார்கள். அடுத்த மாதம் பட்டமளிப்பு. செடெனாக்கில் இருக்கும் அவருடைய அம்மா சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. நேற்று அந்த ஆய்வேட்டோடு கடைக்கு வந்தவருக்கு முகமே சரியில்லை.

"நாப்பத்தோராம் பக்கத்துல தப்புக்கா. தனித்தனியாச் சரியாத் தெரியுதேன்னு, ரெண்டு மருமகளும் அடுத்தடுத்துச் செய்ற வேலையும் அந்த ஜன்னல்ல பழைய மாதிரியே தெரியும்னு எழுதிட்டேன். தெரியாதுக்கா. கடைசி அத்தியாயமே அதுமேலதான் நிக்குது."

"அலமாக்! வேற யாரும் பாக்கலையே?"

"நான் பாத்துட்டேன்ல."

ஆறு வருடத்துச் சனி ஞாயிறு! "பேசாம இரு பிரேமா. பட்டத்த வாங்கிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்" என்றேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபிக்கவில்லை. மாணவர்களின் தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். கைப்பேசியில் படம் பிடித்து, ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியருக்கு அனுப்பினார். அடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"மா, அடுத்த மாசம் பட்டம் இல்லமா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

மறுமுனையில் அழுகை எனக்கே கேட்டது. அது ஓயும்வரை பிரேமலா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.