தட்டிப் பார்த்த பழம்

எண்பதுகளில் மலேசியாவின் சுங்கை சிப்புட் சாலையோரத்தில், முள்தோல் மூடிய டுரியான் பழம் விற்றேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் கடைக்கு வருவார். நரைத்த தாடி, களைத்த கண்கள். என்னை நம்பாமல், ஒவ்வொரு பழத்தையும் தானே தட்டிக் காது வைத்துக் கேட்பார்.

“என்ன வேலை சார்?” என்றேன் ஒருநாள்.

“இதேதான் அண்ணே. அணுவுக்குள்ள புரோட்டான்னு ஒண்ணு. திறக்க முடியாது. எலக்ட்ரானை வீசி, சிதறுறத வச்சுத்தான் உள்ள என்னன்னு சொல்லணும். இருபது வருஷமா விடை ஒத்து வரல. இன்னும் பெரிய மெஷின் வேணும்லா. அது வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன்.”

அவர் நல்லதென்று சொல்லித் தேர்ந்தெடுத்த பழத்தைப் பிளந்தேன். உள்ளே புழு. சொத்தையை மாற்றிக் கொடுப்பது வழக்கம். வேறு பழம் எடுத்தேன். தடுத்துவிட்டார்.

“வேணாம் அண்ணே. இதையாவது திறந்து, நான் சொன்னது தப்புன்னு பாத்துட்டேன்ல.”

அவ்வளவு நிம்மதியாக யாரும் என்னிடம் சொத்தைப் பழம் வாங்கிப் போனதில்லை.