ஊமத்தைப் புகையும் ஊமத்தைக் கஷாயமும்

ஆடிக் கிருத்திகை அன்று, முருகன் மலை அடிவாரத்துச் சரவணப் பொய்கைக் கரையில் எங்கள் டிஸ்பென்சரி கொட்டகை போட்டிருந்தது. நான் கம்பவுண்டர். முள் குத்தியவர்கள், வெயிலில் மயங்கியவர்கள் என்று கூட்டம் நெட்டித் தள்ளியது. உச்சிப்பொழுதில் அரக்கோணம் ரயில்வே கூலி முனுசாமி மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"பாய், எம் பொஞ்சாதி மேல சாமி வந்துகினு கீது. எறங்கவே மாட்டேங்குது. பயமாக் கீதுங்க."

அவன் மனைவி கோவிந்தம்மாள் மூச்சிரைப்புக்காரி. ஒரு தடவையாவது காவடி எடுத்து மலை ஏற வேண்டும் என்பது அவள் வேண்டுதல். அவளுக்கு மருந்து கொடுத்து வந்தவன் நான்.

இப்போது மருந்துக்கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாது. யுத்தத்துக்கு முன்னால் இரைப்புக்குச் சீமையிலிருந்து இரண்டு சரக்கு வரும். ஒன்று எபிட்ரின் மாத்திரை. சீனாக்காரர்கள் காலம் காலமாகக் கஷாயம் வைத்துக் குடித்த ஒரு தண்டுதான் அதற்கு மூலம். எங்கள் டாக்டர் ரங்கூனில் இருந்தவர். சீனர் கடைகளில் அதைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறார். மற்றது டப்பாவில் வரும் ஆஸ்துமா பவுடர். கொளுத்திப் புகையை இழுக்க வேண்டும். யுத்தம் வந்து கப்பல் நின்றது, இரண்டும் நின்றன. டப்பாவில் இருப்பது நம் வேலியோரத்து ஊமத்தையின் பங்காளிதான் என்றார் டாக்டர். இலையைக் காயவைத்து, வெடியுப்பு சேர்த்து நானே இடித்தேன். புகை மட்டும்தான், குடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் கொடுப்பேன். யார் காதில் வாங்குகிறார்கள்?

பாதி மலையில், மண்டபத்தில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் அரோகரா. ஆணும் பெண்ணும் காலில் விழுந்து குறி கேட்டார்கள். அவள் காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருந்தாள். கண் முழுக்கக் கறுப்பாக விரிந்திருந்தது. எல்லோரும் வியர்வையில் நனைந்திருக்க, அவள் நெற்றியில் பூசிய விபூதி கரையாமல் இருந்தது. கையைத் தொட்டேன், அடுப்பாகச் சுட்டது. ஊமத்தை வயிற்றுக்குள் போனால்தான் இப்படி ஆகும்.

என்னடா கொடுத்தாய் என்று முனுசாமியைக் கேட்டேன். காவடியைச் சுமந்துகொண்டு புகை போட முடியாதே என்று அந்தப் பொடியையே விடியற்காலையில் கஷாயம் வைத்துக் கொடுத்தானாம்.

"சீம டப்பான்னா பயந்திருப்பேன் பாய். நம்மூரு தழதானேன்னு காச்சிக் குட்த்துட்டேன்."

அவளைத் தூக்கப் போனோம். வேல் பிடித்திருந்த ஒருவர், சாமி இறங்கும் முன்னால் தொடக்கூடாது என்று மறித்தார். ஊரில் எல்லோருக்கும் நான் வேண்டியவன்தான். ஆனாலும் முருகன் சந்நிதியில் நின்று, வந்தது சாமி இல்லை என்று ஒரு முஸ்லிம் எப்படிச் சொல்வது? முனுசாமியின் காதில், நீ சொன்னால்தான் இவள் பிழைப்பாள் என்றேன்.

மனைவியின் காலில் விழுந்து எழுந்தவர்கள் முன்னால் அவன் கைகூப்பி நின்றான்.

"சாமி இல்லீங்க. நான் குட்த்த கஷாயம். செத்துப்பூடுவா, வழி உடுங்க."

ஒரு கிழவர் காறித் துப்பினார். மறித்தவர்தான் கையில் இருந்த வேலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து அவள் காலைப் பிடித்துத் தூக்கினார். கொட்டகையில் டாக்டர் டியூப் விட்டு வயிற்றைக் கழுவினார். ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டோம். மறுநாள்தான் அவளுக்குப் புருஷனை அடையாளம் தெரிந்தது. முனுசாமி தேம்பி அழுதான்.

உடம்பு தேறியதும் இருவரும் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். நடந்ததை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, மெய்யாலுமே முருகன் வர்லியா?"

வந்தான் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இல்லையம்மா, அது மருந்தின் வேலை என்றேன். அப்படியானால் வேண்டுதல் இன்னும் தீரவில்லை, அடுத்த கிருத்திகைக்கும் ஏறுவேன் என்றாள்.

புகைப்பொடிப் பொட்டலத்தை எடுத்தேன். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வாய், நீ சொல்லு என்று முனுசாமியைக் கேட்டேன். அவள் முந்திக்கொண்டு சொன்னாள்.

"கொளுத்தி இழுக்கணும். குடிச்சா சாமி வராது, சாவுதான் வரும்."

அதற்குப் பிறகு, வாங்குகிறவர் தம் வாயால் சொல்லாமல் ஒரு பொட்டலமும் என் கையை விட்டுப் போனதில்லை. பிள்ளைகளே, நீங்களும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.