புளூடூத் பூட்டிய அன்று

அப்பாவின் பழைய காரிலிருந்த கசெற் ஸ்டீரியோவுக்குப் புளூடூத் பூட்ட மானிப்பாயிலிருந்து மெக்கானிக் தம்பி ஒருவர் வந்திருந்தார். பாட்டு ஓடத் தொடங்கியதும் கேட்டார்.

"வேறை ஆற்றையும் போனைச் சேர்க்கோணுமோ, அக்கா?"

"இல்லை, என்ரை மட்டும் காணும்."

வேறு யாரும் இந்தக் காரில் ஏறுவதில்லை.

எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்கிறதென்று பார்க்க, அவர் என் போனை எடுத்துக்கொண்டு வாசல் படலைவரை நடந்தார். பாட்டு திக்கித் திக்கி, பாதி வரியில் நின்றது.

சண்டைக் காலத்தில் எங்கள் றேடியோவும் இப்படித்தான் நிற்கும். மின்சாரம் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். செய்திக்கு அப்பா சுற்றுவார்; ஊர்ப் பெயர் ஒன்றும் தவறிவிடக் கூடாது. பாட்டுக்கு அண்ணை. அண்ணையின் கை ஓய்ந்தால் பாட்டு அமுங்கிவிடும்.

"சுத்தடா!" என்று அப்பா கத்துவார். குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டே அம்மா மிச்சத்தைப் பாடுவார். ஒலிபரப்பாகும் பாட்டு எங்களுக்காக நிற்காதுதானே. சத்தம் திரும்பி வரும்போது அம்மாவும் றேடியோவும் ஒரே சொல்லில் இருப்பார்கள்.

காருக்குள் இருந்த நான் என்னை அறியாமலே அடுத்த வரியைப் பாடிக்கொண்டிருந்தேன். தம்பி போனோடு திரும்பி வந்தார்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, விட்ட இடத்திலை இருந்துதான் பாடும்."

அப்படியே பாடியது. நான் ஒரு வரி முன்னால் போயிருந்தேன், தனியாக.