பிள்ளையார்பட்டி வரிசையில் நின்ற பழைய வண்டிகள்

திருப்பத்தூர் ரோட்டில், பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வரும்போது, என் காரின் இன்ஜின் சத்தமில்லாமல் அணைந்தது. மகள் பின் சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் கால் இறங்க மறுத்தது. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இடப்பக்கம் ஒடித்து மண்ணில் இறக்கினேன். லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசாத குறையாகக் கடந்து போனது. மகள் பாட்டை நிறுத்தியிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அந்த நல்ல பிள்ளை வேஷத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் நிதானமான மனிதர். “கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்துட்டோம் மேடம், ஒரு குறையும் காட்டல. இந்த மாடல்ல வேற யாருமே புகார் சொல்லல. நீங்க கிளச்சை வெடுக்குனு விடுறீக போல” என்றார். நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கார் ஓட்டுகிறவள். வீட்டுக்கு வந்து சொன்னால் என் வீட்டுக்காரரும், “நீயும் கொஞ்சம் பதட்டப்படுற ஆளுதானே” என்றார். அன்றைக்குச் சாப்பாடு மட்டும் போட்டேன், பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரமே கோட்டையூர் போகும் வழியில் அவர் ஓட்டும்போது வண்டி நின்றது. வியர்த்து விறுவிறுத்து வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, “வண்டியில ஏதோ கோளாறு இருக்கு” என்று கண்டுபிடித்துச் சொன்னார். ஆம்பளை ஓட்டி நின்றால்தான் அது வண்டியின் கோளாறு! மேனேஜர் அவரிடம் கிளச்சைப் பற்றிப் பேசவே இல்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றாராம்.

“பேசாம வித்துருவோம்” என்றார் வீட்டுக்காரர்.

“யாருக்கு வித்து, யாரைக் கொல்லச் சொல்றீக?” என்றேன். அதற்குப் பிறகு விற்கும் பேச்சு எழவில்லை. வண்டி சரியாகும்வரை பிள்ளையை அதில் ஏற்ற மாட்டேன் என்று முடிவு செய்து, பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ பேசிவிட்டேன்.

என் மாமியாருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. “கண்ணு பட்டுருக்கு. பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுக்கிட்டுப் போயி ஒரு பூசையப் போட்டுட்டு வாங்க.” எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் முதலில் பிள்ளையார்பட்டிக்குத்தான் போகும். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால்தான் வண்டி நம்முடையது. பிறகு ஏதாவது தகராறு செய்தாலும் அதே பூசைதான், அதே பழந்தான்.

பெரியவர்கள் பேச்சைத் தட்ட வேண்டாமென்று ஒரு வெள்ளிக்கிழமை மெதுவாக ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனோம். வரிசையில் எல்லாம் ரிப்பன் கட்டிய புது வண்டிகள். அவற்றுக்கு நடுவே என் கார் மாதிரியே ஒன்று, அதே மாடல், செம்மண் அப்பிக்கொண்டு நின்றது. பக்கத்தில் நின்றவர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர்.

“புது வண்டி மாதிரி தெரியலையே?” என்று கேட்டேன்.

“இல்ல ஆச்சி, எடுத்து ரெண்டு வருசமாச்சு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குனு அணைஞ்சு போகுது. அதான் கண்ணு கழிக்கலாம்னு வந்தோம்.”

கம்பெனியில் சொன்னீர்களா என்று கேட்டேன். “கண்ணு பட்டதுக்குக் கம்பெனிக்காரன் என்ன செய்வான்?” என்றார்.

வேறு யாருமே புகார் சொல்லவில்லை என்று மேனேஜர் அடித்துச் சொன்னது பொய்யில்லை. புகார் அத்தனையும் பிள்ளையாரிடம் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையையும் நான் விடவில்லை. பஸ்ஸில் போய் இறங்குவேன். ரிப்பன் இல்லாமல் வரும் அந்த மாடல் காரையெல்லாம் நிறுத்தி விசாரிப்பேன். சிலர் என்னை இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்து விலகிப் போனார்கள். ஒரு டீச்சரம்மா நடுப்பாலத்தில் வண்டி நின்றதைச் சொல்லிவிட்டு அழுதே விட்டார். இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம், தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்காரரும் பிளாஸ்கில் காபியோடு கூட வர ஆரம்பித்தார்.

ஒரு திங்கட்கிழமை காலையில், அந்த வரிசையில் கண்டுபிடித்தவர்களும் நாங்களுமாக எல்லோரும் வண்டிகளைக் கொண்டுபோய் சர்வீஸ் சென்டர் வாசலை அடைத்து நிறுத்தினோம். மேனேஜர் ஓடி வந்தார். “மேடம், ஒரு வண்டியிலயும் குறை இல்லைனு கம்ப்யூட்டரே சொல்லுது” என்றார்.

நான் சத்தம் போடவில்லை. சாவியை அவர் முன்னால் நீட்டினேன்.

“குறை இல்லேல்ல? சாயங்காலம் உங்க பிள்ளைகளை ஏத்திக்கிட்டுத் திருப்பத்தூர் வரைக்கும் போயிட்டு வாங்க. உங்களுக்கு நிக்கலைன்னா நான் இனிமே இந்தப் பக்கமே வரல.”

அவர் சாவியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. டீச்சரம்மா, “வாங்கிக்கங்க சார்” என்றார். அப்போதும் நீட்டவில்லை. திரும்பி உள்ளே போய் மேலிடத்துக்குப் போன் போட்டார்.

சென்னையிலிருந்து இன்ஜினியர்கள் வந்தார்கள். இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் சூடேறினால் நின்றுவிடுகிறதாம், ஆறினால் ஓடுமாம். எங்கள் வண்டிகளுக்கெல்லாம் காசு வாங்காமல் புது பம்ப் மாட்டினார்கள். “அப்ப இதே மாடல்ல மத்த வண்டிக?” என்று கேட்டேன். “புகார் வந்தா பாத்துக் குடுப்போம் மேடம்” என்றார்கள்.

மகளை மறுபடி காரில் ஏற்றினேன். பழைய ரோட்டில் ஓட்டினேன். பாதி தூரம் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தவள், பிறகு மெல்லப் பாட ஆரம்பித்தாள்.

பிள்ளையார்பட்டி திருப்பம் வந்தபோது வரிசையைப் பார்த்தேன். புது வண்டிகளுக்குப் பின்னால், ரிப்பன் இல்லாமல் அதே மாடல் ஒன்று நின்றது. பின் சீட்டில் ஒரு குழந்தை ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது. என் வண்டியை ஓரங்கட்டினேன். மகளிடம் பாட்டை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய் அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினேன்.