ஐந்து புள்ளிகளில் ஒரு நேர்கோடு

பத்தாம் வகுப்பு வரைக்கும் வீட்டில் ட்யூஷன் எடுப்பவர்களுக்கு ஒரு சொகுசு உண்டு. வரைபடம் என்றால் எக்ஸுக்கு மைனஸ் இரண்டு, மைனஸ் ஒன்று, பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு என்று ஓர் அட்டவணை போட வேண்டியது, ஐந்து புள்ளி வைக்க வேண்டியது, சேர்த்து ஒரு கோடு. நேர்கோடோ பரவளையமோ, இந்த ஐந்து புள்ளிகள் என்னைக் கைவிட்டதே இல்லை. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் பல வருடம் இதையே சொல்லிக்கொடுத்து, இதற்கு மேல் கணக்கில் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒரு திமிர் வந்துவிட்டது எனக்கு. எம்.எஸ்சி. படித்ததெல்லாம் ஏதோ போன ஜென்மத்தில்.

கணவருடைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவரும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ட்யூஷனை நம்பிக் குடும்பம் ஓடாது. விவேக் நகர் பக்கம் ஒரு பெண்கள் பி.யூ. காலேஜில், அதாவது ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு, கணக்கு டீச்சர் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். எல்லாம் முடிந்து கடைசியில் டெமோ கிளாஸ் மிச்சம். நிஜ மாணவிகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். பிரின்சிபல் சிஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அது நன்றாக அமைந்தால் வேலை எனக்கு.

டெமோவுக்குப் போன நாள் வியாழக்கிழமை. அங்கிருக்கும் சர்ச்சில் வியாழன்தோறும் நடக்கும் நொவேனா ஜெபத்துக்கு வந்த கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. பாதியில் இறங்கி ஓடி, வேர்த்து விறுவிறுத்து வகுப்புக்குள் நுழைந்தேன். சிஸ்டர் கொடுத்த தலைப்பு மீப்பெரு முழு எண் சார்பு. பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதைத் தாண்டாத மிகப் பெரிய முழு எண்ணைத் திருப்பித் தரும். ஒன்றரையைக் கொடுத்தால் ஒன்று, இரண்டே முக்காலைக் கொடுத்தால் இரண்டு. இதை அழகாகவே விளக்கினேன்.

அடுத்தது வரைபடம். பழக்கதோஷத்தில் கை தானாக அட்டவணையைப் போட்டது. முழு எண்ணைக் கொடுத்தால் அதே எண்தானே திரும்பி வரும்? ஐந்து புள்ளிகளும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வரிசையில் உட்கார்ந்தன. ஸ்கேலை வைத்து மூலைக்கு மூலை ஒரு நேர்கோடு இழுத்தேன். உண்மையில் அது படிக்கட்டு மாதிரி விட்டு விட்டு ஏற வேண்டிய வரைபடம். நான் போட்டது முழுக்கத் தப்பு. அந்தக் கோட்டின் சுத்தத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், ஒரு டவுட். ஒன்னரைக்கு ஒன்னுதான் வரும்னு சொன்னீங்க. கோட்டுல பார்த்தா ஒன்னரையே வருதே?"

"சாக்பீஸ் கோடு இல்லையாம்மா, கொஞ்சம் தடியாத்தான் இருக்கும். கிட்டத்தட்ட வந்துடும்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. அவள் உட்காரவில்லை. அடுத்த கேள்வி அவள் வாயில் தயாராக நின்றது.

பின்னாலிருந்து சிஸ்டர் சிரித்தார். "வேணும்னேதான தப்பா போட்டீங்க மிஸ்? பிள்ளைங்க முழிச்சிட்டிருக்காங்களான்னு பார்க்க. நல்ல டெக்னிக்."

இல்லை சிஸ்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. வேலை கிடைக்காமல் போய்விடும் என்கிற பயத்தில் அதைச் சொல்லாமல் விட்டேன். சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? "யாராச்சும் கண்டுபிடிக்கறீங்களான்னு பார்த்தேன்" என்று வேறு சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நான் கோட்டை அழித்து, படிகளை வரைந்தேன்.

வேலை கிடைத்தது. அவமானம் அதோடு நிற்கவில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் சிஸ்டர் என்னைக் காட்டி, பிள்ளைகளை எழுப்ப இவங்க மாதிரி ஒரு தப்பைப் போட்டுப் பாருங்க என்றார். இங்கிலீஷ் மிஸ் பக்கத்தில் வந்து, எந்த இடத்தில் தப்பு விட வேண்டும் என்று யோசனை கேட்டார். ஏதோ பெரிய அனுபவசாலி போல நானும் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்தப் பெண் என் வகுப்பிலேயே இருந்தாள். வாயே திறக்க மாட்டாள். என் பாடம் அவ்வளவு தெளிவாகப் புரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள். ஒருநாள் ஃபிசிக்ஸ் மிஸ் சலித்துக்கொண்டார். "உங்க கிளாஸ்லயும் அந்தப் பொண்ணு இப்படிக் கேள்வி கேட்டு உசுரை வாங்குதா?" மற்ற எல்லா வகுப்பிலும் கேட்கிறாளாம். என்னிடம் மட்டும்தான் இல்லை.

அதற்குப் பிறகு அவளையே கவனித்தேன். ஒருநாள் மாடுலஸ் சார்பு நடத்தும்போது போர்டில் ஒரு மைனஸை விட்டுவிட்டேன். இந்த முறையும் வேண்டுமென்று இல்லை. அவள் நிமிர்ந்து போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பார்வை போன இடத்தை நான் திரும்பிப் பார்த்துத்தான் அந்த மைனஸைப் போட்டேன்.

மணி அடித்ததும் அவளை நிற்கச் சொன்னேன். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"டெமோ அன்னிக்கு நான் வேணும்னு தப்பா போடலைம்மா. நிஜமாவே தப்பாயிடுச்சு. அப்புறம் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் மிஸ்."

"அதுக்காகத்தான் என்கிட்ட மட்டும் டவுட்டே கேக்கறதில்லையா?"

அவள் பை வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். "உங்களுக்கு முன்னாடி ஒரு மிஸ் டெமோவுக்கு வந்தாங்க. நான் டவுட் கேட்டேன். அவங்களுக்கு ஆன்சர் தெரியலை. அப்புறம் அவங்க வரவே இல்ல மிஸ்."

"ஒன்னும் ஆகாது, நீ கேளு" என்று அவளிடம் சொன்னேன். சிஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னேனா என்றால், இல்லை. தன் கேள்வியால் என் வேலையும் போய்விடும் என்று அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது.