எதிர்ப்பக்கம் ஓடியவள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது எனக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும். வகுப்பில் உட்கார்ந்தால் நெஞ்சை அடைக்கும். சோறு இறங்காது. அம்மாவிடம் சொன்னால், "படிக்க ஒடம்பு வணங்கல, அதான்" என்று முடித்துவிடுவார்.

ஓடினால் மட்டும் சரியாக இருந்தது. எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கம். காலையில் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை ஓடிவிட்டு, அதே வழியில் திரும்புவேன். வேர்த்து வடிய வீட்டுக்குள் நுழைந்தால் அப்படிப் பசிக்கும். அன்று முழுக்க மனுஷியாக இருப்பேன். அதே பாதையில் வெளிநாட்டுக்காரர்கள் அரை டிராயரோடு ஓடுவார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடி அண்ணாமலையில் கடை வைத்திருந்த பெரியப்பா ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உன் பொண்ணு மலைய எதிர்ப்பக்கமா சுத்துதும்மா. தெரியுமா உனக்கு?"

ஊரே மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுகிறது. அவர் கடை திறக்கும் நேரத்தில் நான் திரும்பி வருவதை மட்டும் பார்த்திருக்கிறார்.

"நான் சுத்தல பெரியப்பா. போயிட்டுத் திரும்பி வரேன், அவ்ளோதான்."

"வாய் வேற ஜாஸ்தி."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அக்காவுக்கு வந்த நல்ல வரன் அப்போதுதான் தட்டிப்போயிருந்தது. ஏன் வேண்டாம் என்றார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. என் ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

"ஓடலன்னா எனக்கு மூச்சு முட்டுதும்மா."

"பௌர்ணமிக்கு என்கூட கிரிவலம் வா. எல்லாம் சரியாப் பூடும்."

போனேன். மலைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் முன்னால் போகிறவரின் குதிகாலை மிதிக்காமல் ஊர்ந்து போவதற்கு என் கால்கள் எதற்கு? பக்கத்தில் அம்மா கைகூப்பியபடி, எனக்குப் புத்தி வர வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டே வந்தார். எரிச்சலாக இருந்தது.

பல பௌர்ணமிகள் போயின. அழுகை நின்றது. பசியும் நின்றது, கோபமும்தான். கல்லூரிக்குப் போவேன், வருவேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அக்காவைப் பெண் பார்க்க மறுபடி ஆட்கள் வந்தார்கள். காபி டம்ளர்களை எடுக்கப் போன என்னைக் காட்டி, "சின்னவ பரம சாதுங்க. வீட்ல இருக்குற எடமே தெரியாது" என்றார் அம்மா. பெருமையாகத்தான் சொன்னார்.