சப்பாத்தைக் கழற்றி வாசித்தவர்

தொங்குரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. ஜெர்மனியில் எங்கள் வுப்பர்டால் நகரக் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுத் தலைவர். "அருளப்பு அண்ணை மோசம் போயிட்டார். அடக்கத்துக்கு நாங்கள்தான் பாடவேணும், நீங்களும் வாங்கோ" என்றார். துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் குழுவிலிருந்து அண்ணையை வெளியேற்றியவரே இவர்தான்.

மன்னாரில் பிறந்த அருளப்பு அண்ணை இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். பூசையில் டோலக் வாசிப்பார். பக்கத்தில் நின்று நான் பாடுவேன். வாசிக்க உட்காருமுன் சப்பாத்தைக் கழற்றுவார், டோலக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பனிக்காலத்தில் கோயில் தரை சில்லிட்டாலும் அந்த வழக்கத்தை அவர் விட்டதில்லை.

பங்கு விழாவொன்றில் அவர் வாசித்ததைக் கேட்ட கொலம்பியப் பாடகி ஒருவர், தன் லத்தீன் பொப் இசைத்தட்டுக்கு வாசிக்கும்படி ஹம்பேர்க்குக்கு அழைத்தார். ஆசைக்கு நானும் கூடப் போனேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் இயந்திரத் தாளம் போட்டு வைத்திருந்தார்கள். அதோடு சேர்ந்து அண்ணை வாசிக்க, பாட்டு நொண்டியது. பாடகி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அண்ணை, எங்கள் கலியாண வீடுகளில் பைலா ஆட்டத்துக்கு அடிக்கிற நடையை எடுத்தார். பாடகி பாட மறந்து ஆடத் தொடங்கினார். அண்ணையின் வெறுங்காலைப் பார்த்துத் தானும் செருப்பைக் கழற்றினார். இசைத்தட்டின் அட்டைப்படமும் அதுதான்: ஆடுகிற பாடகி, பக்கத்தில் வெறுங்காலோடு அண்ணை.

அந்தப் படம்தான் வினையாகியது. பாடகியின் குட்டைப் பாவாடை மட்டுமே எங்கள் ஆட்களின் கண்ணில் பட்டது. நாட்டில் சனம் யுத்தத்தில் சாகிற நேரத்தில் இவருக்குக் கும்மாளமா, இந்தக் கையால் இனிப் பூசைக்கு வாசிக்க ஏலாது என்று தலைவர் தீர்த்துவிட்டார். நான் சண்டை பிடித்தேன். அண்ணைதான் என்னை அடக்கினார்: "விடுங்கோ தங்கச்சி. கோயிலுக்கு ஒரு கை, ஆட்டத்துக்கு ஒரு கை எண்டு ஆண்டவர் எனக்குத் தரேல்லை."

அந்தக் கோடை முழுக்க ஜெர்மன் வானொலி அந்தப் பாட்டை விடாமல் போட்டது. எங்கள் மண்டபங்களும் விடவில்லை. தலைவருடைய மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டில் பிள்ளையை மேடைக்கு அழைத்து வந்ததே அந்தப் பாட்டுக்குத்தான். அதை வாசித்த மனிதர் ஒரு மூலையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவராவது வாய் திறக்கவேண்டுமே! வெட்கங்கெட்ட கூட்டம். ஒவ்வொரு நத்தாருக்கு முன்னாலும், பாலன் பிறப்பின் நடுச்சாமப் பூசைக்கு வாசிக்கட்டோ என்று அண்ணை கேட்பார். பாப்பம் அண்ணை என்பார்கள். பாப்பம் பாப்பம் என்றே அவரை அனுப்பிவிட்டார்கள்.

அடக்கத்தன்று மயான மண்டபத்தில் குழு டோலக் இல்லாமல் பாடியது. நான் சேரவில்லை. பெட்டியை எடுத்தபோது, அண்ணையின் மனைவி செலின் அக்கா கொடுத்திருந்த அந்த இசைத்தட்டை ஊழியர் போட்டார். தலைவர் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். ஆனால் நன்றாகத் துடைத்து மினுக்கிய அவருடைய கறுப்புச் சப்பாத்து நிலத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. என் கண்ணால் கண்டேன்.

என் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். போய்வாருங்கோ அண்ணை. அங்கே ஒருவரிடமும் கேட்டு நிற்கவேண்டாம், இருந்து வாசியுங்கோ.